பதிலுக்கு விட்ட இடம்

அறந்தாங்கியில் என் அண்ணன் வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு தையல் மிஷின் இருக்கிறது. அதன் பலகை மேல் ஒரு டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த கறுப்புப் பெட்டி. மிஷினுக்கு பெல்ட் கிடையாது, பெட்டிக்கு ஏரியல் கிடையாது. வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடாமல் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். என் மதினி எழுதிய விஞ்ஞான நாவல்கள் அத்தனையும் இந்த இரண்டு சாமான்களை வைத்துப் பிறந்தவை. சமீபத்தில் அவற்றுக்குப் புதுப்பதிப்பு வந்தது. புதுக்கோட்டையில் நடந்த வெளியீட்டு விழாவில், அவரைக் கூடவே இருந்து பார்த்தவர் பேசட்டும் என்று என்னை மேடையேற்றினார்கள். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் வெளியே வந்த முதல் விசேஷம் அது. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மைக்கைக் கண்டால் லேசில் விட மாட்டேன். அன்றைக்கோ ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று எதையோ பேசிவிட்டு இறங்கிவிட்டேன். முன்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதட்டுமா என்று மதினியிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், நான் பிழை திருத்தித் தாரேன்" என்றார். இத்தனை வருஷம் நான் அவருக்குத் திருத்தியதற்குப் பழி தீர்க்கப் பார்க்கிறார்.

அண்ணன் கல்யாணம் ஆன கையோடு வளைகுடாவுக்குப் போனவர். எலக்ட்ரீஷியன் வேலை. எங்கள் தெருவில் அப்படி ஆள் போகாத வீடுதான் குறைவு. அப்போது வீட்டில் போன் இல்லை. லீவில் ஊருக்கு வருகிறவர்கள் கையில், சோப்பு, தைலம், சட்டைத் துணியோடு ஒரு கேசட்டும் கொடுத்தனுப்புவார். பெட்டி அம்மாவின் பீரோவுக்குள் இருக்கும், சாவி அம்மாவின் இடுப்பில். சாயங்காலம் விளக்கேற்றியதும் அதை எடுத்து நடுவில் வைப்பாள். அம்மா, நான், மதினி மூன்று பேரும் சுற்றி உட்காருவோம். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார், ஆகையால் வீட்டில் மொத்தமே அந்த மூன்று பேர்தான்.

முதல் கேசட்டில் அண்ணன் குரல் வந்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆத்தா, சாப்புட்டியா?" என்றார். கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். டேப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்றார். எதிரில் ஆள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு இடம் விட்டுப் பேசியிருந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. "கால் வலி தேவலையா ஆத்தா?" என்று அடுத்த கேள்வி வந்ததும், பெட்டியைப் பார்த்து, "எங்கிட்டுப்பா தேவல, படியேறுனா உசுரு போகுது. ஒன் தங்கச்சிட்ட சொன்னா அவ எங்க கேக்குறா" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் பெட்டி, "சரி, அந்தத் தைலத்தப் போட்டுத் தேயி" என்றது. என் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எதை இழுத்துப் பேசுவாள், எங்கே முடிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் பேச்சுக்குச் சரியாக அளவெடுத்திருந்தார்.

என் விஷயத்தில் மட்டும் அளவு தப்பும். "பாப்பா, பரீட்சை எப்படி எழுதுன?" என்று கேட்டு, துளியூண்டு இடம் விட்டு, "சரி சரி, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்பார். நான் நன்றாகத்தான் எழுதியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு இடமிருக்காது. எல்லாம் முடிந்து கடைசியில் குரல் தணியும். "அப்பறம்... நல்லா இருக்கியா?" என்பார். பேரும் கிடையாது, முறையும் கிடையாது. அது மதினிக்கு என்று எல்லோருக்கும் தெரியும். மதினி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெட்டி இரையும். ஒரு வீட்டு ஆளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, கட்டினவன் கேட்ட கேள்விக்கு ஒரு சின்னப் பெண் என்ன பதில் சொல்வாள்? அந்தச் சங்கடம் அம்மாவுக்கும் புரியும். "அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்று பொத்தானை அமுக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். மருமகளுக்குச் செய்கிற மரியாதையாக நினைத்துத்தான் அம்மா அப்படிச் செய்தாள். பதில் கேசட்டையும் அதே நாடாவில், அதே மூன்று பேர் சுற்றி உட்கார்ந்துதான் பதிவோம். பழைய பேச்சு அதோடு அழிந்துவிடும். மதினியின் முறை வரும்போது, "நல்லா இருக்கோம்" என்று பன்மையில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்த இரைச்சலில்தான் தமக்கு முதல் கதை கிடைத்தது என்று பிற்பாடு மதினி சொல்லியிருக்கிறார். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்துக்குச் சுரங்க வேலைக்குப் போன ஒருவன், பூமியிலிருக்கும் மனைவிக்குக் குரல் அனுப்புகிறான். அது வந்து சேர வருஷக்கணக்காகிறது. அவனும் பதிலுக்கு இடம் விட்டுத்தான் பேசுகிறான். அவள் அந்த இடத்துக்குள் பேசிப் பேசியே தன் வயதைக் கழிக்கிறாள். நான் அதைப் படித்துவிட்டு, இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "தூரம் இருக்குல்ல" என்றார் மதினி. சென்னையில் மாதம் ஒரு நாவல் போடுகிற பதிப்பகம் ஒன்று அதை வாங்கிப் போட்டது. ராக்கெட், கிரகம் என்று எழுதுகிறவர் ஆணாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டிக்கொண்டு, வாசகர்கள் 'அன்புள்ள ஐயா' என்று கடிதம் போட்டார்கள். நான் கொஞ்ச நாள் கேலியாக அவரை 'ஐயா' என்று கூப்பிட, பிழை திருத்துகிற என்னை அவர் 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் டீச்சர் ஆவதற்கு முன்பே வந்த பட்டம் அது.

தையல் மிஷின் மதினிக்குக் கல்யாணச் சீராக வந்தது. வீட்டு வேலை ஒழிந்த பகல் வேளையில் அதில் உட்காருவார். சும்மா உட்கார்ந்து எழுதினால், "யாருக்குத்தா லெட்டரு?" என்று அம்மா எட்டிப் பார்ப்பாள். மிதிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தால் பார்க்க மாட்டாள். அதனால் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கால் ஒருபுறம் மிதிக்க, கை ஒருபுறம் எழுதும். போகப் போக, கால் ஓடாவிட்டால் கை ஓடாது என்றாகிவிட்டது. ஓயாமல் தைக்கிற மருமகள் என்று தெருவில் நல்ல பேர். ஆளுக்கொரு துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு கூட்டத்தையே வேற்றுக் கிரகத்தில் இறக்கி நிறுத்திவிட்டு, பெல்ட்டை மாட்டி ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டு அக்காவின் ஜாக்கெட்டுக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் போனதற்கு அந்தக் கிரகம்தான் காரணம்.

அவருக்கு எதிலிருந்து என்ன கிடைக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரு கல்யாணத்துக்காகக் குன்றாண்டார்கோவில் பக்கம் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்திக்கு நேரமிருக்கிறதென்று குடைவரைக் கோயிலுக்குள் போனோம். நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, மதினி பாறைச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். "டீச்சர், இதுல ஒரு கல்லுகூட யாரும் கொண்டாந்து வைக்கல. வேணாங்கிறத எடுத்துருக்காங்க, அம்புட்டுத்தான்" என்றார். பந்தியில் உட்கார்ந்தும் அதே பேச்சு. இலையில் என்ன போட்டார்கள் என்றே அவருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் வந்த நாவலில், ஒரு கூட்டத்தார் விண்ணில் மிதக்கிற மலை ஒன்றைக் குடைந்து குடைந்து, அதையே கப்பலாக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கப்பலில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலிருந்த சின்ன அறைக்கு அவர் வைத்த பேர் 'நடை'. விஞ்ஞானத்தில் அதற்கு வேறு சொல் இருக்கிறது, மாற்றுங்கள் என்று பதிப்பகத்திலிருந்து எழுதினார்கள். வெளியே போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர் என்று மதினி பதில் போட்டார். மாற்றவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் பதிப்பகத்தோடு நிஜமாகவே மல்லுக்கு நின்றார். கதையில் ஒருவர் கேட்டு மற்றவர் பேசாமல் இருந்தால், அந்த இடத்தில் மதினி வரியை வெறுமனே விட்டுவிடுவார். காகிதம் வீணாகிறது என்று அவர்கள் இழுத்து மூடிவிடுவார்கள், இல்லாவிட்டால் மூன்று புள்ளி வைத்துவிடுவார்கள். "புள்ளி வச்சா அது சத்தம் போடுற மாதிரி இருக்கு டீச்சர். எனக்கு ஒண்ணுமே வேணாம்" என்பார். நான் இலக்கணக்காரி. வெறும் வரிக்கு இலக்கணத்தில் இடமில்லை என்று சொல்லிப் பதிப்பகத்தின் பக்கம்தான் நின்றேன்.

அண்ணன் இந்த நாவல்களைப் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போய், கேம்ப்பில் கூடத் தங்கியிருக்கிற ஆட்களுக்கெல்லாம் கொடுப்பார். "எங்க வீட்டுல எழுதுனது" என்று சொல்லிக் கொடுப்பாராம். தாம் மட்டும் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஏண்ணே என்று ஒருமுறை கேட்டதற்கு, "அவ எழுதுனத நான் படிச்சுட்டு என்னத்தச் சொல்றது?" என்றார். மதினிக்கு இது வருத்தமாக இருந்திருக்க வேண்டும். அவர் அதைச் சொன்னதில்லை.

அங்கே வேலையை முடித்துக்கொண்டு அண்ணன் ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது வீட்டில் அம்மா இல்லை, தவறிப்போயிருந்தாள். அண்ணன் மதினியின் மகளும் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். நான் வல்லத்திராக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, வேலையும் வீடுமாக அங்கேயே இருந்தேன். அத்தனை வருஷம் லீவுக்கு லீவு பார்த்துக்கொண்ட இரண்டு பேர், முதல்தடவையாக ஒரு வீட்டில் தனியாக இருந்தார்கள். அண்ணனிடம் ஒரு பழக்கத்தை அப்போதுதான் கவனித்தேன். "மாத்திர போட்டியா?" என்பார். மதினி வாயைத் திறப்பதற்குள் "சரி" என்பார். "வெளிய போகணும்னியே, போயிட்டு வந்துட்டியா? சரி." கேள்வியும் அவரே, பதிலும் அவரே. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இன்னும் கேசட்டுலதான் பேசுறாரு" என்று கேலி செய்தேன். மதினி சிரிக்கவில்லை. அந்த வருஷம் மிஷின் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்ததாக எதிர்வீட்டு அக்கா சொன்னார்.

பிறகு, அந்த வருஷம் எழுதிய நாவல் பிழை பார்க்க என்னிடம் வந்தது. விண்ணில் வெகுகாலம் இருந்துவிட்டு ஒருவன் வீடு திரும்புகிறான். போன இடத்தில் தினமும் மனைவியோடு மனசுக்குள்ளேயே பேசி, அவள் பதிலையும் தானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 'சரி' போட்டுப் பழகியவன். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே பேசுகிறான். அவன் மனசுக்குள் வைத்திருக்கிற மனைவிக்கும் எதிரில் நிற்கிற மனைவிக்கும் சம்பந்தமில்லை. கடைசியில் அவள் அடுத்த கப்பலில் ஏறிப் போய்விடுகிறாள். அவன் காலி நாற்காலியிடம் கேள்வி கேட்டு, 'சரி' சொல்லிக்கொண்டிருக்கிறான். படித்து முடித்தேன். ஒரு பிழைகூடத் திருத்தாமல் அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன்.

"இது எங்க அண்ணன்தானே மதினி?"

"இல்லன்னு சொன்னா நம்பவா போறீங்க?"

"ஊருல ஒருத்தர் விடாம படிப்பாக. நாளைக்கு அவரு கடைத்தெருவுல எப்படி நடப்பாரு? வயசான காலத்துல நீங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்ல?"

மதினி கால் மிதிப்பதை நிறுத்தினார். "இத எழுதலன்னா நானே கப்பலேறிப் போயிருப்பேன் டீச்சர்" என்றார். கோபமில்லை, அழுகையில்லை, கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புத்தகம் வந்தால் அண்ணன் உடைந்துபோவார், வராவிட்டால் மதினி அந்த வீட்டில் இருக்க மாட்டார். இரண்டில் எது என்றாலும் எனக்கு ஒரு ஆள் போய்விடும். "அவருக்குத் தெரியாம அனுப்ப மாட்டேன். ஞாயித்துக்கிழம வாங்க, அவருட்ட படிச்சுக் காட்டப் போறேன். நீங்க பக்கத்துல இருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்ணன் மடியில் ஒரு பழுதான இஸ்திரிப் பெட்டியை வைத்து ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் படிக்கவில்லை, கடைசி அத்தியாயங்களை மட்டும். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அண்ணன் தலை தூக்காமல் வேலை பார்த்தார். காலி நாற்காலி வந்தபோது ஸ்குரூ டிரைவர் நின்றது. மதினி தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். அண்ணன் விட்ட மாதிரியே இடம் விட்டார்.

"நல்லாத்தான் எழுதிருக்க" என்றார் அண்ணன். கழற்றின ஸ்குரூவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் தப்பு. ஒனக்கு நான் சரின்னு சொன்னதில்ல" என்றார்.

"தெனமும் சொல்றீங்க."

"இப்ப சொல்றேன், அது வாய்ப்பழக்கமாப் போச்சு. கேசட்டுல சொன்னதில்ல."

"கேசட்டு முடிஞ்சு போயிருக்கும். அதான் சொல்லல."

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய் பரணிலிருந்து டூ-இன்-ஒன் பெட்டியை இறக்கினார். அதற்குள்ளேயே ஒரு கேசட் கிடந்தது. வீட்டுக்கு போன் வந்த சமயத்தில் வந்தது அது. பதில் பதிந்து அனுப்பத் தேவையில்லாமல் போனதால் அழியாமல் தப்பியது. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறொரு ரப்பர் வளையத்தை மாட்டி ஓட்டினார். குரல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. "ஆத்தா, சாப்புட்டியா?" அம்மாவுக்கு விட்ட இடத்தில் அம்மா இல்லை. "சரி." பிறகு என் பரீட்சை, என் தோல்வி, "சரி சரி." பிறகு, "அப்பறம்... நல்லா இருக்கியா?"

இரைச்சல். வழக்கமாக அம்மா நிறுத்துகிற இடம் வந்தது. நிறுத்த யாருமில்லை. பெட்டி இரைந்துகொண்டே போனது. முடிந்துவிட்டது என்று நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது இரைச்சலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணன்தான். நாற்காலி ஒன்று நகர்ந்தது. மறுபடியும் அமைதி. அப்புறம் ஒரு பெருமூச்சு. அவர் அங்கேயே இருந்திருக்கிறார்.

"நாடா தீர்ற வரைக்கும் உக்காந்திருப்பேன்" என்றார் அண்ணன், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "ஆத்தா என்னா சொல்லும், பாப்பா என்னா சொல்லும்னு தெரியும். நீ என்னா சொல்லுவன்னு எனக்குத் தெரியாதுல்ல. கல்யாணம் முடிஞ்ச சூட்டோட பஸ் ஏறுனவன். தெரியாம எப்படி சரின்னு சொல்றது?"

என் பரீட்சையைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒரு வாதம் இருந்தது. அது அதற்கான நேரமில்லை. மதினி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது தீர்வதற்குள், பெட்டியைப் பார்த்து, அம்மா சொல்கிற மாதிரியே சொன்னார்.

"நல்லா இல்லங்க."

அண்ணன் 'சரி' சொல்லவில்லை. நாற்காலியை மதினி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நாடா தீர்ந்து பொத்தான் தானாக மேலே வந்தது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவர்கள் அன்று என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை.

நாவல் வந்தது. காலி நாற்காலி அதில் இல்லை. திரும்பி வந்தவன் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்கிறான். அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெறுமை. தாள் ஏதும் விட்டுப்போய்விட்டதா என்று புதுப் பதிப்பாளர் பதறிப்போய் என்னிடம் கேட்டார். பிழையில்லை, அப்படியே விடுங்கள் என்று நான் சொன்னேன். ஊரில் படித்தவர்கள் அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். வாய்ப்பழக்கம் மட்டும் முழுக்கப் போகவில்லை. "மாத்திர போட்டியா, சரி" என்று பாதி வந்ததும், தானே நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்பும்போது இப்போதும் இடம் விடுகிறார். "என்னம்மா, அப்பா மெசேஜுல பாதி ஒண்ணுமே கேக்கல" என்று அவள் போன் போடுகிறாள். "அது ஒனக்கு விட்ட எடம், பேசுடி" என்கிறார் மதினி.

நேற்று இந்தக் கட்டுரையை மதினியிடம் காட்ட அறந்தாங்கிக்குப் போயிருந்தேன். தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. புது நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது. தாள்களை வாங்கி டூ-இன்-ஒன் மேல் வைத்துவிட்டு, கால் மிதித்தபடியே, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றார்.

"எனக்கென்ன மதினி, நல்லாத்தான் இருக்கேன். அடுத்த பஸ்ஸைப் பிடிக்கணும், வாரேன்" என்றேன், வீட்டுக்காரர் தவறியதிலிருந்து எல்லோரிடமும் சொல்வதுபோல.

மிஷின் சத்தம் நின்றது. மதினி எனக்கு இடம் விட்டார். உள்ளே அண்ணன் டிவியை நிறுத்துவது கேட்டது. நான் வாசலைப் பார்த்தேன், பிறகு கைப்பையைக் கீழே வைத்தேன்.